கிளி ஓதினால் சஜ்தா உண்டா?

மாலைப் பாடத்தின்போது ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், கிளி சலாம் சொன்னால் பதில் சொல்வது கடமையா?" என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. என்னையும் அறியாமல் நானும் சிரித்துவிட்டேன். கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தெருவில் ஒரு மூதாட்டியாரின் வீட்டுத் திண்ணையில் கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி இருக்கின்றது. வாசலில் யார் காலடி வைத்தாலும் அது சலாம் உரைக்கும். சென்ற ஆண்டு வஃபாத்தான அவ்வம்மையாரின் கணவர் வீட்டுக்குள் நுழையுந்தோறும் சலாம் சொல்லி நுழையும் வழக்கமுடையவர், அவரிடமிருந்து கற்றதாம். குரல் என்னவோ கிளியின் கீச்சுக்குரல்தான். ஆனால் சொல்லை இழுக்கின்ற இழுப்பு அவருடையதே என்று தெருவார் சொல்கின்றனர். அம்மையார் அடுப்பங்கரையில் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் பதில் சலாம் சொல்லிவிடுகின்றார். அது வீண் வேலை என்று ஒருவரும், மார்க்கத்தைக் கேலி செய்வதாகும் என்று இன்னொருவரும் அவரிடம் சொல்லியிருக்கின்றனர். பையன் கேட்ட கேள்வியின் வேர் அதுவே.

நாளைக்குச் சொல்கிறேன் என்று ஒத்திப்போட்டேன். அன்றிரவு கிதாபுகளைப் புரட்டியபோது எனக்கு நாணம் ஏற்பட்டது. நாங்கள் சிரித்து ஒதுக்கிய கேள்வியின் உடன்பிறந்த கேள்வி ஒன்றை நம் இமாம்கள் சிறிதும் சிரிக்காமல் எடுத்து ஆராய்ந்து முடிவு கூறியிருக்கின்றனர். கிளியைப் பற்றி நம் நூல்கள் பேசியுள்ளவற்றைத் தொகுத்துப் பார்த்தால், அது வெறும் பறவையின் வரலாறாக நின்றுவிடவில்லை. பேச்சு என்பது எது என்ற வினாவின் வரலாறாகவும் அமைந்திருக்கின்றது.

பேசும் பறவை இந்தியாவுக்கு உரியது என்பதே பண்டை உலகத்தார் எண்ணம். கி.மு. 400-ஐ ஒட்டிப் பாரசீக அரசவையில் மருத்துவராய் இருந்த கிரேக்கர் க்டீசியாஸ், இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், கறுப்புத் தாடியுடைய பறவை ஒன்று மனிதனைப் போல நாவசைத்து இந்திய மொழி பேசும் என்றும், கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்றும் குறித்தார். தாடி என்றது ஆண் கிளியின் மோவாயிலிருந்து கழுத்தைச் சுற்றியோடும் கறுப்புக் கோட்டை. நம் சிறுவர்களும் அதைக் கொண்டே ஆண் கிளியை அடையாளம் காண்பர். பின்னர் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பேரறிஞர் பிளினி, இந்தியாவிலிருந்து வரும் கிளிக்குத் தலை அலகைப் போலவே கடினமாதலால், பேசக் கற்பிக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிக்க வேண்டும் என்றும், மெல்ல அடித்தால் அதற்கு உறைக்காது என்றும் எழுதிவைத்தார். இதைப் படித்தபோது என் பழைய ஓதற்பள்ளியின் பிரம்பு நினைவுக்கு வந்தது. அந்தப் பிரம்பும் ஏறக்குறைய இதே கொள்கையைத்தான் கொண்டிருந்தது.

அரபியர் கிளியைப் 'பப்பகா' என்றனர். பாரசீகத்தில் 'தூத்தீ'. எகிப்திலும் ஷாமிலும் வழங்கிய இன்னொரு பெயர் 'துர்ரா'. பறவைகளின் பேச்சைப் பற்றி அரபியில் முதன்முதல் விரிவாகச் சிந்தித்தவர்களுள் பஸ்ராவின் பேரறிஞர் ஜாஹிள் குறிப்பிடத்தக்கவர். ஹிஜ்ரி 255-இல் (கி.பி. 869) மறைந்த அவர், தம் உயிரின நூலின் தொடக்கத்திலேயே உயிர்களைப் பேச்சுத் தெளிவுடையன, தெளிவற்றன என இரண்டாகப் பிரிக்கின்றார். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. தெளிவற்றது என்று நாம் சொல்வது நமக்குத் தெளிவற்றது என்பதே. தன் இனத்துக்கு அது தெளிவாகவே பேசுகின்றது என்பது அவர் கருத்து. குதிரையும் நாயும் பூனையும் தம் தேவையைக் குரலால் தெரிவிப்பதை நாமே பெரிதும் விளங்கிக்கொள்கிறோம் அல்லவா என்றும் எடுத்துக்காட்டுகின்றார். திருமறையின் அந்நம்ல் அத்தியாயத்தில் நபி சுலைமான் (அலை) அவர்களுக்குப் பறவைகளின் பேச்சு கற்றுக்கொடுக்கப்பட்ட செய்தி வருகின்றது. அங்கே ஹுத்ஹுது என்னும் கொண்டலாத்தி, ஸபா நாட்டு அரசியைப் பற்றிய துப்பைக் கொண்டுவந்து தன் சொந்த மொழியில் வாதாடுகின்றது. அதற்கு யாரும் மனித மொழி கற்பிக்கவில்லை. மனிதருக்குத்தான் அதன் மொழி கற்பிக்கப்பட்டது. கிளியின் வரலாறு இதற்கு நேர் எதிராய்ப் போகும் வரலாறு.

பேச்சுக்காகவே கிளியின் பெயரைச் சுமந்த மனிதரும் உண்டு. ஹலபில் ஸைஃபுத்தௌலாவின் அவையை அலங்கரித்த அபுல் ஃபரஜ் என்னும் கவிஞர், ஹிஜ்ரி 398-இல் (கி.பி. 1008) காலமானவர், 'அல்-பப்பகா' என்றே இலக்கிய வரலாற்றில் வழங்கப்படுகின்றார். நாவன்மையால் அப்பெயர் வந்தது என்பர் சிலர். நாக்குக் கொன்னியதால் வந்தது என்பர் வேறு சிலர். ஒரே பட்டப்பெயர் புகழ்ச்சியாகவும் இகழ்ச்சியாகவும் நிற்பது கிளிக்கே உரிய தலைவிதி போலும். அக்கால நூலாசிரியர் அபூ இஸ்ஹாக் அஸ்ஸாபீ கிளியைப் பற்றி ஒரு கவிதை எழுதி இவருக்கு அனுப்ப, கிளிப்பெயர் கொண்டவர் கிளியைப் பற்றியே மறுமொழிக் கவிதை எழுதி அனுப்பினார்.

இக்கவிதைகளையும் இன்னும் பலவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துத் தந்தவர் கெய்ரோவின் இமாம் கமாலுத்தீன் தமீரீ (ரஹ்). ஹிஜ்ரி 742 முதல் 808 வரை (கி.பி. 1341–1405) வாழ்ந்தவர். தையல் தொழிலில் வாழ்வைத் தொடங்கிப் பின் அறிவுத்துறைக்கு வந்து, அல்-அஸ்ஹரில் பாடம் நடத்திய ஷாபிஈ மத்ஹபு அறிஞர். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலுக்கு உரை கண்டவர். அவருடைய 'ஹயாத்துல் ஹயவான்' அரபு அகரவரிசையில் உயிரினங்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சொல்விளக்கம், இயல்பு, உண்ணலாமா கூடாதா என்னும் சட்டம், பழமொழி, மருத்துவப் பயன், கனவில் கண்டால் பலன் என வரிசையாகச் சொல்லிச் செல்லும். கிளியின் பகுதியில், புவைஹிய அரசர் முஇஸ்ஸுத்தௌலாவுக்குக் கறுத்த அலகும் கறுத்த கால்களும் தலையில் பச்சைக் கொண்டையும் உடைய வெள்ளைக்கிளி ஒன்று காணிக்கையாக வந்த செய்தி இருக்கின்றது. கிளியைக் கனவில் கண்டால் பொய்யும் கொடுமையும் நிறைந்த அடிமை வணிகன் ஒருவனைக் குறிக்கும் என்று ஒரு பலனும், தத்துவ ஞானியைக் குறிக்கும் என்று மற்றொரு பலனும் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கும் அந்த இரட்டைத் தலைவிதிதான்!

அவர் தரும் இன்னொரு செய்தியே நம் மாணவனின் கேள்வியை எனக்கு நினைவூட்டியது. மேல் எகிப்தின் கூஸ் நகரில் ஓர் அதிகாரியின் இல்லத்தில் அறிஞரும் கவிஞரும் கூடும் சபை ஒன்று இருந்தது. அங்கு வந்த ஒருவர், யாஸீன் அத்தியாயத்தை ஓதும் கிளியைத் தாம் கண்டதாகச் சொன்னார். உடனே மற்றொருவர், அது என்ன பெரிது, சஜ்தா அத்தியாயத்தை ஓதும் காகம் ஒன்று இருந்தது, சஜ்தா வசனம் வந்ததும் அது தலை தாழ்த்தித் தன் கறுப்பு நிறத்தையும் தன் உள்ளத்தையும் முன்னிறுத்தி இறைவனைப் பணிந்தது என்றார். ஹிஜ்ரி 748-இல் மறைந்த வரலாற்றாசிரியர் அத்ஃபுவீ இதைப் பதிவு செய்ய, தமீரீ எடுத்தாண்டார். நடந்தது எவ்வளவு, சபைச் சுவைக்காகச் சேர்ந்தது எவ்வளவு என்று நாம் ஆராய வேண்டியதில்லை. ஒருவர் கதையை மற்றவர் மிஞ்ச முயல்வது சபைகளின் இயல்பு. ஆனால் அந்தக் கதை மக்கள் நடுவே உலவியது. கிளிகளுக்குத் திருவசனங்களைப் பழக்கியவர்களும் இருந்தனர். ஆகவே ஃபிக்ஹு அறிஞர்கள் விடை சொல்ல வேண்டியவர்களாயினர்.

திருக்குர்ஆனில் ஓதும்போதும் கேட்கும்போதும் சஜ்தாச் செய்ய வேண்டிய இடங்கள் 14 என்பது ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளின் கணக்கு. அவற்றுள் எவை என்பதில் சிறு வேறுபாடு உண்டு. ஷாபிஈகளிடம் அது சுன்னத்து, ஹனபிகளிடம் வாஜிபு. இனி, பழக்கப்பட்ட பறவை அவ்வசனத்தை ஓத ஒருவர் கேட்டால்? ஷாபிஈ ஷரஹு நூல்கள் உறங்குபவன், போதையிலிருப்பவன், கவனமின்றி வாயசைப்பவன் ஆகியோர் ஓதலுடன் பயிற்றப்பட்ட கிளி ஓதலையும் ஒரே வரிசையில் வைத்து, இவற்றுக்குச் சஜ்தா இல்லை என்கின்றன. நாடி ஓதுதல், அதாவது 'கஸ்து', இவற்றில் இல்லை என்பது காரணம். ஹனபிகளின் 'துர்ருல் முக்தார்' நூலோ பறவையை எதிரொலியின் பக்கத்தில் வைக்கின்றது. மலையிடுக்கில் ஒருவர் ஓதி, அது திரும்பி வந்து காதில் விழுந்தால் சஜ்தா கடமையாகாது. பறவையிடமிருந்து கேட்டாலும் அப்படியே. இவ்விரண்டு வரிசைகளும் என்னை வெகுநேரம் சிந்திக்கச் செய்தன. ஒரு நூல் கிளியை உறங்கும் மனிதனோடு சேர்க்கின்றது. மற்றது பாறையோடு சேர்க்கின்றது. முன்னதில் உள்ளம் இருந்தும் விழிப்பில்லை. பின்னதில் உள்ளமே இல்லை. கிளி இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. எனக்கு ஷாபிஈகளின் வரிசை நெருக்கமாய்ப் பட்டது. நான் அம்மத்ஹபினன் என்பதால் மட்டுமன்று என்று நம்புகின்றேன்.

கவனிக்கத் தக்கது என்னவெனில், கிளிக்குப் பொருள் தெரியாது என்பதை அவர்கள் காரணமாக்கவில்லை. பொருள் தெரியாமை காரணமானால், அரபி அறியாத நம் மக்களில் பெரும்பாலோரின் ஓதலுக்கும் அதே தீர்ப்பு வந்திருக்கும். காரணம் நாட்டம். அதே 'மின்ஹாஜ்' நூலில் குளிப்புக் கடமையானவர் திருக்குர்ஆன் ஓதுதல் கூடாது என்ற சட்டத்துக்குப் பக்கத்தில், திருமறையில் வரும் துதிச்சொற்களைக் குர்ஆன் என்ற நாட்டமின்றித் திக்ராகச் சொல்லலாம் என்ற விலக்கும் இருக்கின்றது. அதே எழுத்து, அதே ஒலி, அதே நாவு. நாட்டம் மாறியதும் சட்டம் மாறிவிடுகின்றது.

இதை இவ்வளவு விரித்துக் கூறுவதற்கு என் சொந்த மனக்குறை ஒன்றும் காரணம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி விழாவில், மேடையில் இருந்த படித்த பெரியவர் ஒருவர், மதரஸாப் பிள்ளைகளைக் கிளிப்பிள்ளைகள் என்று கூறி அவையைச் சிரிக்க வைத்தார். நானும் அந்த மேடையில் அமர்ந்திருந்தேன். பதில் தெரியாமல் தலைகுனிந்தேன். இன்று அவரைச் சந்தித்தால் சொல்வதற்கு என்னிடம் பதில் உண்டு. ஏழு வயதுப் பிள்ளை உளூச் செய்து, தலையை மூடி, ரைஹாலின் முன் அமர்ந்து, இறைவனின் வேதத்தை ஓதுகின்றேன் என்று அறிந்தே ஓதுகின்றது. பொருள் தெரியாவிட்டாலும் தான் என்ன செய்கின்றோம் என்பது அதற்குத் தெரியும். அதன் ஓதலைக் கேட்டால் சஜ்தா உண்டு. கிளி ஓதினால் இல்லை. நம் ஃபிக்ஹு நூல்கள் அப்பிள்ளையைக் கிளியிடமிருந்து பிரித்துவைத்துப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் இப்பதிலோடு நான் எழுந்து போய்விட முடியாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்தவர்கள், 'இஹ்யா'வில் ஓதலைப் பற்றிப் பேசுமிடத்தில் நாவுக்கும் அறிவுக்கும் உள்ளத்துக்கும் தனித்தனிப் பங்குகளைப் பிரித்துக் கொடுக்கின்றார்கள். எழுத்துகளைச் சரியாக ஒலிப்பது நாவின் பங்கு. பொருளை அறிவது அறிவின் பங்கு. படிப்பினை கொள்வது உள்ளத்தின் பங்கு. நான் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு முதற் பங்கை அளந்து கொடுத்திருக்கின்றேன். ளாதையும் ளாவையும் பிரித்து ஒலிக்கத் தெரியாத பிள்ளையை நான் விட்டதில்லை. மற்ற இரண்டு பங்குகளைக் கேட்டால்? அந்த மேடைப் பெரியவரின் சொல் தைத்ததற்குக் காரணம் அது முழுப் பொய் அன்று என்பதே. நம் முன்னோர் இதை உணராதவர்கள் அல்லர். தமிழையே அரபெழுத்தில் எழுதி, கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் சட்ட நூல்களைப் பெண்களும் வணிகர்களும் வீட்டிலிருந்தே விளங்கிக்கொள்ளச் செய்தனர். அப்துல் ஹமீது பாகவி அவர்களின் திருமறைத் தமிழாக்கம் 1949-இல் முழுமையாக அச்சேறியது. நாவின் பங்கோடு நிற்பவர்களுக்கு அடுத்த பங்கைச் சேர்ப்பித்த உழைப்புகள் இவை.

சட்டநூல்களிலிருந்து இலக்கியத்துக்குள் நுழைந்தால் கிளியின் நிலை தலைகீழாய் மாறிவிடுகின்றது. அங்கே அது நாட்டமில்லாத நாவன்று. எல்லாரையும் விட நாட்டம் மிகுந்தது. அமீர் குஸ்ரூ (1253–1325) தம்மை இந்தியாவின் கிளி என்று பெருமையோடு கூறிக்கொண்டார். 1318-இல் இயற்றிய 'நூஹ் ஸிபிஹ்ர்' காவியத்தில் இந்நாட்டைப் புகழும்போது மனிதரைப் போலப் பேசும் கிளியையும் மைனாவையும் சேர்த்துப் புகழ்ந்தார். அவருக்குச் சற்றுப் பின், பதாயூனில் வாழ்ந்த ளியாவுத்தீன் நக்ஷபீ, ஹிஜ்ரி 730-இல் (கி.பி. 1330) 'தூத்தீ நாமா'வை முடித்தார். வடமொழியின் எழுபது கிளிக்கதைகளை அடியாகக் கொண்டு ஐம்பத்திரண்டு இரவுகளாக அமைந்த நூல் அது. வணிகன் பயணம் போயிருக்கின்றான். அவன் மனைவி வேறொருவனைக் காணப் புறப்படுகின்றாள். கூண்டிலிருந்த மைனா நேருக்கு நேர் தடுத்து அறிவுரை கூறி, அவள் கையால் உயிரிழந்தது. அதைக் கண்ட கிளி, போய் வா அம்மா, ஆனால் அதற்கு முன் ஒரு கதை கேள் என்று தொடங்கி, ஒவ்வோர் இரவும் விடியும் வரை கதையை நீட்டி அவளை வாசல் தாண்டாமல் காத்தது. அக்பர் தம் ஆட்சியின் தொடக்கத்தில் இதை ஓவியங்களோடு எழுதுவித்தார்; அப்பிரதியின் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலைக்கூடத்தில் இருக்கின்றது. 1801-இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக ஹைதர் பக்ஷ் ஹைதரீ அதன் சுருக்கத்தை எளிய உர்தூவில் 'தோத்தா கஹானீ' என்று எழுதினார். உரத்துச் சொன்ன உண்மைக்குக் கழுத்து முறிந்தது என்பதை எடுத்தவுடனேயே காட்டிவிடும் இந்நூல், உபதேசம் செய்யும் என்னைப் போன்றவர்களுக்குச் சற்று உறுத்தலானதுதான்.

மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் (1207–1273) மஸ்னவியின் முதல் பாகத்தில் வரும் கிளி இதனினும் ஆழமானது. இந்தியாவுக்குப் புறப்படும் வணிகர் ஒருவர், உனக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கூண்டுக்கிளியைக் கேட்கின்றார். அங்குள்ள என் இனத்தாருக்குச் சலாம் சொல்லி, நான் கூண்டில் கிடப்பதைத் தெரிவியுங்கள் என்கின்றது கிளி. அவரும் அப்படியே சொல்ல, அங்கிருந்த கிளிகளில் ஒன்று நடுங்கி விழுந்து மாண்டது. ஊர் திரும்பிய வணிகர் வருத்தத்தோடு அதைத் தெரிவித்தார். கேட்ட மாத்திரத்தில் கூண்டுக்கிளியும் விழுந்து விறைத்தது. அழுது புலம்பி அதை வெளியே எறிந்தார். எறிந்ததும் கிளி பறந்து மரக்கிளையில் அமர்ந்தது. இந்தியக் கிளி செத்தது போல் நடித்து விடுதலைக்கு வழி சொல்லி அனுப்பியிருந்தது; உன் குரலே உன்னைச் சிறைப்படுத்தியது, அதை விட்டுவிடு என்பது அதன் செய்தி. இந்தக் கதையிலும் கிளி சலாம் சொல்லி அனுப்புகின்றது. அந்தச் சலாமுக்கு வந்த பதில், வாய் திறவாத பதில்.

ரூமி ஐந்தாம் பாகத்தில் எடுத்தாளும் இன்னோர் உவமை, கிளிக்குப் பேச்சுக் கற்பிக்கும் முறையைப் பற்றியது. தமீரீயும் அம்முறையை அரிஸ்டாட்டிலின் பெயரால் குறிக்கின்றார். கிளியின் எதிரே ஒரு கண்ணாடியை வைக்க வேண்டும். ஆசான் அதன் பின்னால் மறைந்து பேச வேண்டும். கிளி கண்ணாடியில் தன் உருவைக் கண்டு, தன் இனத்தான் ஒருவன் பேசுகின்றான் என்று நம்பி, அதைத் திருப்பிச் சொல்லும். ரூமி இதை ஆன்மீகத்துக்கு உவமையாக்குகின்றார். சீடன் தன்னைப் போன்ற ஒரு மனிதரையே எதிரில் காண்கின்றான். பேச்சுக்கு உடையவன் திரைக்குப் பின்னால் இருக்கின்றான். ஹாபிஸும் இக்கண்ணாடியைத் தம் கவிதையில் எடுத்தாண்டிருக்கின்றார். எனக்கு இதில் பிடித்தது உவமையை விட முறையே. பிளினியின் இரும்புக் கம்பியிலிருந்து இந்தக் கண்ணாடி வெகுதூரம் வந்துவிட்டது. பறவை தன் இனத்திடமிருந்துதான் கற்க விரும்புகின்றது என்பதைக் கண்ணாடி வைத்தவன் கண்டுகொண்டிருக்கின்றான்.

இக்கால ஆராய்ச்சியும் இதையே வேறு சொற்களில் கூறுகின்றது. கிளிக்கு நம்மைப் போன்ற குரல்நாண்கள் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் உள்ள ஒலியுறுப்பால் ஓசையெழுப்பி, தடித்த நாவை அசைத்து அதை நம் சொற்களைப் போல் வடிக்கின்றது. காட்டில் அது கூட்டமாய் வாழ்கின்றது. தன் கூட்டத்தின் ஒலிகளைப் பிறந்த பின்னரே கேட்டுக் கற்கின்றது. கூட்டத்தில் ஒருவராய் நிற்பதற்கு அவ்வொலிகளே சான்று. குஞ்சிலேயே பிடித்துத் தனியே அடைத்துவிட்டால், அதன் கூட்டம் நாம்தான். ஆகவே நம் ஒலிகளைக் கற்றுக்கொள்கின்றது. அமெரிக்க அறிஞர் ஐரீன் பெப்பர்பர்க், 1976 முதல் 2007 வரை வாழ்ந்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குக் கற்பித்த முறையும் கண்ணாடியை நினைவூட்டும். இரு மனிதர் கிளியின் முன்னே ஒருவரையொருவர் கேட்டும் விடைகூறியும் பழகுவர். ஒருவர் ஆசான், மற்றவர் கிளிக்குப் போட்டியான மாணவன். பார்த்திருந்த அலெக்ஸ் ஏறக்குறைய ஐம்பது பொருள்களின் பெயரையும், ஏழு நிறங்களையும், ஆறு வரை எண்ணிக்கையையும் கேட்டபோது சரியாகச் சொன்னது. அப்படியானால் கிளிக்கும் நாட்டம் உண்டா என்று கேட்கலாம். கொட்டை வேண்டும் என்ற நாட்டம் உண்டு. வேண்டாம் என்ற நாட்டமும் உண்டு. வணக்கத்தின் நாட்டத்தைப் பற்றியே இமாம்கள் பேசினர், அத்தீர்ப்பு அசையவில்லை. எல்லாப் பொருள்களும் இறைவனைத் துதிக்கின்றன, நீங்கள்தாம் அதை விளங்கிக்கொள்வதில்லை என்ற கருத்துத் திருமறையில் வருகின்றது. கிளிக்குத் தன் தஸ்பீஹு தனியே இருக்கின்றது. நம் சொல்லை அது சொல்லும்போது நாம் கேட்பது அதையன்று.

கூண்டைப் பற்றியும் நூல்கள் பேசாமல் இல்லை. அனஸ் (ரலி) அவர்களின் சிறுவயதுத் தம்பி அபூ உமைர் வளர்த்த சிட்டு இறந்து அவர் வாடியிருந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிட்டைப் பற்றி வேடிக்கையாய் விசாரித்து அவரைத் தேற்றினார்கள். ஹிஜ்ரி 335-இல் மறைந்த இப்னுல் காஸ் என்னும் ஷாபிஈ அறிஞர் இந்த ஒரே ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார். பறவை வளர்க்கலாம் என்பதற்கு இந்த ஹதீஸ் ஆதாரமாகக் காட்டப்படுகின்றது. ஓசையைக் கேட்பதற்காகப் பறவைகளைக் கூண்டில் அடைக்கலாமா என்று இமாம் கஃப்பால் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அவற்றுக்கு வேண்டியதை உடையவன் கவனித்துக் கொடுப்பானாயின் கூடும், கட்டிவைத்த கால்நடையைப் போன்றதே என்றார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவளின் முடிவு எல்லாருக்கும் தெரிந்ததே. இமாம் நவவி கிளியை உண்பது கூடாது என்பதையே சரியான கூற்றாகக் கொண்டார்கள். ஆயினும் அது இனிமைக்காக விற்கவும் வாங்கவும் பட்டது. இன்று நம் நாட்டில் நிலை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், நம் மண்ணுக்குரிய கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வளர்ப்பதையும் தடுக்கின்றது. கிளிக்கு வேண்டியவற்றுள் இரையும் நீரும் மட்டுமன்றிக் கூட்டமும் ஒன்று என்பது தெரிந்துவிட்ட பிறகு, கஃப்பால் இமாமின் நிபந்தனையை எந்தத் திண்ணைக் கூண்டு நிறைவேற்றும் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மாணவர்களுக்குச் சஜ்தாவின் சட்டத்தை வாசித்துக் காட்டினேன். நாட்டமில்லாத ஓதலுக்குச் சஜ்தா இல்லாதது போலவே, நாட்டமில்லாத சலாமுக்குப் பதில் கடமையாகாது என்பது என் சிற்றறிவுக்கு எட்டிய முடிவு என்றேன். கேள்வி கேட்டவன் சற்று நேரம் யோசித்து, "அந்தக் காகம் சஜ்தாச் செய்ததே ஹஜ்ரத், அதற்கு நாட்டம் இருந்திருக்குமா?" என்றான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அதற்கும் விடை தெரியவில்லை.

அந்த வாரமே அவனை உடன் அழைத்துக்கொண்டு மூதாட்டியாரைக் காணச் சென்றேன். கிளி சலாம் சொன்னது. உள்ளிருந்து பதில் வந்தது. பதில் கடமை இல்லை என்ற சட்டத்தையும், தடையும் இல்லை என்பதையும் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அது எனக்குத் தெரியும் ஆலிம்சா. நான் கிளிக்கா சொல்றேன்? அவங்களுக்குத்தான் சொல்றேன். சலாம் துஆதானே" என்றார். அரசுச் சட்டத்தைச் சொல்வதுதான் கடினமாயிருந்தது. வனத்துறையிடம் ஒப்படைத்தால், பறக்கப் பழக்கிக் கிளிகள் இருக்கும் இடத்தில் சேர்க்க முயல்வார்கள் என்றேன். அவர் கூண்டைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வருஷ ஃபாத்திஹா மட்டும் முடியட்டும்" என்றார். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கின்றது.